கிளீட்டஸ் மறந்தவை போய்ச் சேர்ந்த வீடுகள்

தான் பாலக்காட்டில் ஒரு பைனல் ஆடியிருக்கிறோம் என்பது மீன்காரி லில்லிபுஷ்பத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சாளை மீனைக் கூடைக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. பாலக்காடு எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, புட்பாலைக் கையால்கூடத் தொட்டவள் இல்லை, ஆனாலும் மழையில் குழம்பாகிக் கிடந்த மைதானமும், வலது மூலையிலிருந்து கிளம்பி வந்த கார்னரும், எல்லாத் தலைகளுக்கும் மேலே தான் எழும்பி நெற்றியால் அந்தப் பந்தை ஓர் இடி இடித்ததும், வலை பின்பக்கமாகப் புடைத்ததும் அவளுக்கு முந்தாநாள் நடந்ததுபோல் தெளிவாக இருந்தன. லில்லிபுஷ்பம் அதிகம் யோசிக்கவில்லை. கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நேராகப் பிரகாசியின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"பிரகாசி, உனக்க மாப்பிள்ளைக்க சாமான் ஒண்ணு எனக்க தலைக்குள்ள வந்து கெடக்கு. என்ன செய்யணும், சொல்லு."

"என்ன சாமான்?"

"பாலக்காட்டு பைனல்."

பிரகாசி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே உள்பக்கம் திரும்பினாள். உள்ளே கிளீட்டஸ் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் ஒன்றை அதற்குச் சம்பந்தமில்லாத ஓட்டைக்குள் நுழைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

"ஏ, கேட்டீரா? பாலக்காட்டுல பைனல் ஆடினது ஓர்மை இருக்கா?"

கிளீட்டஸ் மரியாதைக்காகக் கொஞ்சநேரம் யோசித்தார். "பாலக்காட்டுக்கு நான் எதுக்குப் போவணும்?" என்றார்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்த விருந்தாளி எழுந்து போகும்வரை அந்த பைனலைச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷர் அவர். பிரகாசி புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப அது எங்க சாமான்தான். உங்கிட்டயே இருக்கட்டும், புள்ளே. மீன்வெள்ளம் படாம பாத்துக்க."

இப்படித்தான் பவுலார்துறையில் அந்தக் காரியம் தொடங்கியது. அது ஏன் வந்தது, எப்படி வந்தது என்று அந்தக் கடற்கரையில் யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. யாருக்கு எது வந்தது என்பதை விசாரிக்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

கிளீட்டஸ் பவுலார் கிளப்பில் கோலுக்கு முன்னே காவல் நிற்கிற ஸ்டாப்பராக இருந்தவர். மீசை முளைத்த நாளிலிருந்து மகளுக்குக் கல்யாண வயது வரும்வரை அவர் தலைக்கு மேலே ஒரு பந்து தாண்டிப் போனதாக அந்தக் கரையில் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்துத் தோல் பந்து ஈர மணலில் ரெண்டு தடவை உருண்டால் தண்ணீரைக் குடித்து, மட்டை உரிக்காமல் தொண்டோடு இருக்கிற தேங்காய் மாதிரி கனக்கும், அந்தக் கனத்தைக் கிளீட்டஸ் நெற்றியில் வாங்கி மைதானத்தின் மறுபாதிக்கு அனுப்புவார், சனங்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். ஆட்டமில்லாத சாயங்காலங்களில் கோச் ஜஸ்டஸ் பந்துகளைக் குவித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எறிய, கோயில் மணி அடிக்கும்வரை இவர் ஒவ்வொன்றாக முட்டித் தள்ளுவார், அதற்கும் கைதட்ட நாலு பேர் நிற்பார்கள். கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவர் நெற்றியைத் தொடவைத்த தாய்மார்கள்கூட உண்டு.

பிரகாசி மட்டும் ஒருநாளும் அந்த மைதானத்தை மிதித்ததில்லை. எண்ணெய் தேய்க்கவும் மீன்கூடை சுமக்கவும் ஆண்டவர் கொடுத்த தலையைப் பந்தில் கொண்டு இடிப்பது அவளுக்குச் சம்மதமில்லை, அதை அவள் மனதுக்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆட்டம் முடிந்து கிளீட்டஸ் மாதா சொரூபம் வைத்த கெபி இருக்கிற முக்கில் திரும்பும்போது தொடங்குகிற ஏச்சு அவர் கைகழுவிச் சாப்பிட உட்காரும்வரை ஓயாது. கப்பு கொண்டுவந்த நாளில் கப்புக்கும் சேர்த்து ஏச்சு. அந்தச் சத்தம் கேட்டால் பவுலார்துறைப் பெண்கள், ஆட்டம் முடிந்துவிட்டது, உலை வைக்கலாம் என்று அடுப்புப் பக்கம் போவார்கள்.

அப்படிப்பட்ட கிளீட்டஸ்தான் ஆட்டத்தை விட்டுப் பல வருஷம் கழிந்தபிறகு ஒருநாள் சாயாவில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார். அப்புறம் கைநடுக்கம் வந்தது. வாழ்க்கையில் கோழியைக்கூட அதட்டாதவர் சோற்றுத் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தார், எறிந்துவிட்டுத் தானே அழுதார். ஏறி இறங்கிப் பழகின வள்ளத்திலிருந்து தடுக்கி விழுந்தார். மகள் சார்ஜாவிலிருந்து போனில் அழுது அடம்பிடித்ததால் பிரகாசி அவரைத் திருவனந்தபுரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே டாக்டர் நிதானமானவர். படங்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் அவளுக்குப் புரிகிறமாதிரி சொன்னார்.

"இளநீருக்குள்ள வழுக்கை இருக்கில்லையா, அதுபோல தலைக்குள்ள மூளை. வெளியில ஒரு இடி விழுந்தா உள்ள அது குலுங்கும். பெரிய அடி ஒண்ணு வேணும்னு இல்லை அம்மா, சின்னச் சின்ன இடி ஆயிரக்கணக்குல விழுந்தாலும் மதி, அது போதும். ஆட்டம் நின்னாலும் கேடு நிக்காது, உள்ளே வளர்ந்துட்டே இருக்கும். உயிரோட இருக்கும்போது இதுதான்னு நூறு சதவீதம் சொல்ல வழியில்லை. ஆனா பாத்த வரைக்கும் இதுதான்."

"மருந்து?"

"குணமாக்குற மருந்து இல்லை. கோபம் வந்தா, உறக்கம் வரலைன்னா அதுக்குத் தரலாம். சத்தம் போடாம, பதமாப் பேசி, அமைதியா வச்சுக்கணும்." பிறகு கேட்டார்: "வாழ்க்கையில எத்தனை பந்து தலையில வாங்கியிருப்பார்?"

"எனக்குத் தெரியாது. நான் பாக்கப் போனதில்ல. ஊர்லதான் கேக்கணும்" என்றாள் பிரகாசி.

ஆட்டம் நின்றபிறகும் சாயங்காலமானால் ஓயாமலிருந்த ஏச்சை அவள் அன்றோடு நிறுத்தினாள். ஊர் கொஞ்சநாள் உலை வைக்க நேரம் தெரியாமல் தடுமாறியது.

லில்லிபுஷ்பத்துக்குப் பின்னால் ஒவ்வொருவருக்காக வரத்தொடங்கியது. தையல்காரருக்குக் கொல்லத்தில் போட்ட கோல் ஒன்று வந்து, அன்று வெட்டின சட்டைக்கெல்லாம் ஒரு கை குறைந்தது. பஞ்சாயத்துத் தலைவருக்குப் பெரிதாக ஏதாவது வரும் என்று அவரும் மற்றவர்களும் காத்திருக்க, அவருக்கு வந்தது கிளீட்டஸ் சின்னவயதில் அடுத்த வீட்டுக் கொல்லையில் கொய்யா திருடி மாட்டிக்கொண்டது. புதிதாக மாற்றலாகி வந்த ஃபாதர் பெனடிக்டுக்கு ஒன்றுமே வரவில்லை, அதனால் நிதானமாக யோசிக்க முடிந்தவர் அவர் ஒருவர்தான். கிளீட்டஸ் எதை மறக்கிறாரோ அது அவருக்கு எப்போதாவது கைதட்டினவர்கள் வீட்டுக்குத்தான் போகிறது என்பதை அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். சொன்னபிறகு பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. விசில் மட்டும் அடித்தவர்களுக்குப் பாதி ஆட்டம்தான் வந்தது. கடலை கொறித்துக்கொண்டு சும்மா நின்றவர்களுக்கு மைதானத்து வெயில் மட்டும் வந்தது. ஒன்றும் வராதவர்கள் கௌரவம் போகிறதே என்று வந்ததாகப் புளுகினார்கள், ஆனால் ஜெர்சி என்ன நிறம் என்று கேட்டவுடன் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஞாயிறு பூசையில் ஃபாதர் அறிக்கை வாசிக்க வேண்டியதாயிற்று: வீட்டுக்குள் நடந்த சங்கதி யாருக்காவது வந்தால், வழியில் யாரிடமும் பிரித்துக் காட்டாமல் நேரே பிரகாசியிடம் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும்.

அந்த அறிக்கையைக் கேட்டு வேர்த்துப்போனவர் உபதேசியார் சூசைநாயகம். கல்யாணமே வேண்டாமென்று ஜெபமாலையோடு வாழ்கிறவர். மறுநாள் பிரகாசியின் வாசலுக்கு வந்தவர் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பிரகாசி, நான் கேட்டு வாங்கினதில்ல. அதுவா வந்தது."

"எதுவாக்கும் வந்தது?"

"உங்களுக்குக் கல்யாணம் கழிஞ்ச புதுசுல... ஒரு மத்தியானம்... மழை. கூரை ஒழுகுது. ரெண்டுபேரும் ஒழுகாத எடம் தேடி மாறி மாறி..."

"ஒழுகின கூரைக்கு உமக்கு என்ன வெக்கம்?"

"கூரை மட்டும்னா நான் வந்திருக்கவே மாட்டேன்" என்றார் உபதேசியார். அவருடைய காது ரெண்டும் நண்டை வேகவைத்தமாதிரி சிவந்திருந்தன.

பிரகாசி சிரித்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்தபின், "மழை நல்லா பெஞ்சுதா?" என்று மெல்லக் கேட்டாள். உபதேசியாரும் தென்னைமரத்திடம், "நல்ல மழை" என்றார்.

சாயங்காலமானால் அவள் வீட்டு முற்றத்தில் ஒரு கூட்டம் சேர்ந்தது. வந்தவர்கள் தங்களிடம் இருப்பதை ஒவ்வொருவராகச் சொல்ல, கிளீட்டஸ் நாற்காலி நுனிக்கு வந்து வாய்பிளந்து கேட்பார்.

"நல்லா ஆடியிருக்கானே! யாரு அந்தப் பயல்?"

"நீங்கதான் அண்ணே."

"சும்மா கேலி பண்ணாத" என்று அவர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். தன் ஆட்டத்துக்கே அவர் கைதட்டின சாயங்காலங்கள் உண்டு. அப்போதெல்லாம் பிரகாசி சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்று பார்ப்பாள். ஊரெல்லாம் தன் புருஷன் துண்டு துண்டாக இருக்கிறார், தனக்கு மட்டும் ஒரு விள்ளல்கூட வரவில்லை. வராது என்பதற்கான காரணமும் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, சாயா கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மழைக்காலம் பிறந்தபோது லில்லிபுஷ்பம் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை தலையில் கூடை இல்லை.

"பிரகாசி, அந்த பைனல் கோலோட முடியல்ல. மிச்சம் நேத்து வந்துது."

"சொல்லு."

"பந்து தலையில பட்டதும் ஒரே வெள்ளை. சத்தம் இல்ல. எல்லாருக்க வாயும் தெறந்து தெறந்து மூடுது, ஒண்ணும் கேக்கல்ல. எந்தப் பக்கம் நம்ம பக்கம்னு தெரியல்ல. நாலுபேரா தூக்கித் தோள்ல வச்சானுங்க, என்னை அடக்கம் பண்ணத்தான் கொண்டுபோறானுங்கன்னு நெனச்சேன். எறக்கி விட்டதும் கூட்டத்துக்குப் பொறத்த போய் வாந்தி எடுத்தேன், வாயைத் தொடச்சேன், சிரிச்சுகிட்டே வெளிய வந்து கையக் காட்டினேன்." லில்லிபுஷ்பம் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "கப்பு வந்த அன்னைக்கு முன்வரிசையில நின்னு கைதட்டினவ நான். அந்த மனுஷன் சிரிச்சாரே, பிரகாசி. சிரிக்கத்தானே செஞ்சாரு."

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் வந்தது. ஊர் பத்திரமாக வைத்துக்கொண்டாடின ஒவ்வொரு ஹெட்டருக்கும் ஒரு மறுபாதி இருந்தது, அது இப்போதுதான் வந்து சேர்ந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின வாத்தியார் ஐஸ் கம்பெனி வாசலில் நின்று, இது எந்த ஊர் என்று கேட்டார். சாராயக்கடை மூடிக்கிடந்த வாரத்தில் ஊரே தள்ளாடி நடந்ததைப் பார்த்து வெளியூர் வியாபாரிகள், எங்கே கிடைக்கிறது என்று ரகசியமாக விசாரித்தார்கள். கோச் ஜஸ்டஸுக்குத்தான் பெரும் பங்கு வந்தது. கைதட்ட நின்ற அந்த நாலு பேரின் பங்கும் சேர்ந்து, அந்தச் சாயங்காலப் பயிற்சிகள் எல்லாம், ஒரு பந்து விடாமல் அவருக்கே வந்தன. நனைந்த துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்தவர் எழுந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. நேராகக் கிளப் கமிட்டிக்குப் போனார்.

"இனி நம்ம பிள்ளைகள் தலையால பந்தைத் தொடக்கூடாது. பயிற்சியிலயும் கூடாது, ஆட்டத்துலயும் கூடாது."

"தலை இல்லாம என்ன புட்பால்? சிரிக்க மாட்டானுங்களா?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

"உமக்குக் கொய்யாக்காதானே வந்தது" என்றார் ஜஸ்டஸ். "நீரு பேசாம இரும்."

பங்குத் திருநாள் டூர்னமெண்டில் பவுலார்துறைப் பையன்கள் தலைக்கு வந்த பந்துகளுக்கெல்லாம் குனிந்து வழிவிட்டார்கள். பவுலார்துறைக்காரனுக்குத் தலையே கிடையாது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் பாட்டுக் கட்டினார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். பார்க்கிறவர்கள் வெட்கப்படுகிற அளவுக்குத் தோற்றார்கள். ஆனால் தோற்ற பையன்கள் அத்தனைபேரும் சாயங்காலம் அவரவர் வீட்டுக்கு வழி தெரிந்து போனார்கள்.

திருநாள் கொடி இறங்கிய மறுநாள் காலை, சட்டை மாட்டிவிடக் குனிந்த பிரகாசியைக் கிளீட்டஸ் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரு? இந்த வீட்டுக்காரி எங்க போயிருக்கா?"

பிரகாசி பொத்தானைப் போட்டு முடித்தாள். "இப்ப வந்திருவா" என்று பதமாகச் சொன்னாள். டாக்டர் பதமாகப் பேசச் சொல்லியிருந்தார்.

அன்று முழுக்க அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறோம், அவர் கொண்டுவந்து சொல்வார், கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒருவரும் வரவில்லை. ஃபாதர் பூசையில் ரெண்டு தடவை கேட்டுப் பார்த்தார். உபதேசியாரைக்கூடத் தனியாக அழைத்து விசாரித்தார்கள், அவர் மழையைத் தவிர வேறொன்றும் தன்னிடமில்லை என்று சத்தியம் செய்தார். இதற்கிடையில் கிளீட்டஸ் வீட்டில் தங்குவதை விட்டுவிட்டார். பதமாகப் பேசுகிற இந்த அந்நியப் பெண்ணின் வீட்டில் எத்தனை நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது என்று கூச்சப்பட்டவர்போல், வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்துவிடுவார். ரெண்டு தடவை அலைக்குள் இறங்கினவரை வலைக்காரர்கள் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். எங்கே போகிறீர் அண்ணே என்று கேட்டால், வீட்டுக்கு என்பார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மத்தியான பஸ்ஸில் மேலமுகத்துறையிலிருந்து இஞ்ஞாசி வந்து இறங்கினார், கூடவே அவருடைய சம்சாரமும். மேலமுகம் என்றால் பவுலார்துறைக்குப் பரம்பரைப் போட்டி ஊர். வள்ளத்தை ஓரங்கட்டிவிட்டுச் சும்மா இருக்கிற வயது இஞ்ஞாசிக்கு. பிரகாசியின் முற்றத்தில் நின்று குடையை மடக்கியபடி, "கிளீட்டஸுக்க ஓர்மை ஒண்ணு எங்கிட்ட இருக்கு" என்றார்.

பின்னாலேயே வந்த பவுலார்துறைக்காரர்கள் விடவில்லை. "கிளீட்டஸ் அண்ணனுக்கு மேலமுகத்துல எவன்டே கைதட்டினான்?"

"செபஸ்தியார் கோப்பை பைனல்ல உங்க ஸ்டாப்பர் சொந்த கோலுக்குள்ள ஒரு ஹெட்டர் போட்டாரே, ஓர்மை இருக்கா? நாங்க கப்பு ஜெயிச்சோமே? அதுக்கு என்னை மாதிரி கைதட்டினவன் ஒருத்தனும் இல்ல. கை வீங்கிப்போச்சு."

அந்த கோலைப்பற்றி இனிப் பேசுவதில்லை என்று பவுலார்துறை எப்போதோ முடிவு செய்திருந்தது. எல்லாரும் கடலைப் பார்த்தார்கள்.

இஞ்ஞாசியின் சம்சாரம் முன்னால் வந்து பிரகாசியைத் தலைமுதல் கால்வரை சாவகாசமாகப் பார்த்தாள். "கொஞ்சநாளா இந்த மனுஷன் ஒறக்கத்துல பிரகாசி, பிரகாசின்னு பெனாத்துகாரு. யாரு அந்தப் பிரகாசின்னு பாத்திரலாம்னுதான் நானும் வந்தேன்." பார்த்ததில் அவளுக்குத் திருப்தி உண்டானதுபோலத்தான் இருந்தது. உரிமையாக ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க அண்ணே" என்றாள் பிரகாசி.

இஞ்ஞாசி குடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆட்டம் முடிஞ்சா அவருக்கு வீடு எங்கன்னு தெரியாது தங்கச்சி. கடைசிவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. தலைக்குள்ள எல்லாம் வெள்ளையா இருக்கும். கூட்டம் கலையுத வரைக்கும் சும்மா சிரிச்சுகிட்டு நிப்பாரு. அப்புறம் கரையில ஒத்தையில நடப்பாரு. எந்தத் தெரு, எந்த வாசல், ஒண்ணும் புடிபடாது. கெபி முக்குல வந்து காதைக் கொடுத்துட்டு நிப்பாரு. அங்க நீ ஏசுத சத்தம் கேக்கும். கயித்தப் புடிச்சு வள்ளத்துக்கு வாறமாதிரி அதைப் புடிச்சுகிட்டே வருவாரு. வர வர தெரு தெரியும், வாசல் தெரியும், உனக்க மொகம் தெரியும். சாப்பிட உக்காந்த பொறவுதான் தனக்க பேரு என்னன்னு தெரியும்."

இஞ்ஞாசி குடையைச் சுருட்டிக் கட்டினார்.

"நீ ஏசி முடிச்சிரக்கூடாதேன்னு பயம் அவருக்கு. அதுக்காக சிலநாள் வேணும்னே எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லுவாரு."

"ஏசக்கூடாதுன்னுல்லா டாக்டர் சொன்னாரு" என்றாள் பிரகாசி. "நான் நாக்கைக் கடிச்சுகிட்டு இருந்தேனே அண்ணே, இத்தனை நாளும்."

அதற்குள் தெருவில் சத்தம் கேட்டது. கூட்டம் கதை கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கிளீட்டஸ் பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தார். எல்லாரும் ஓடினார்கள். வள்ளங்களுக்கு அப்பால், ஆள் இல்லாத பக்கம், அலை மடங்கி விழுகிற இடத்துக்குள் அவர் நடந்துகொண்டிருந்தார். அன்று கடல் சரியில்லை, காலையிலேயே வள்ளங்களைக் கரையேற்றிவிட்டிருந்தார்கள். கிளீட்டஸ் அண்ணே, வாங்க அண்ணே என்று தேன்போல ஆளாளுக்கு அழைத்தார்கள். கூப்பிடுவது வேறு யாரையோ என்பதுபோல் அவர் போய்க்கொண்டே இருந்தார். முழங்காலுக்கு இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஜஸ்டஸ் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிக்க ஓடினார்.

பிரகாசி மணலில் கால் புதைய நின்று வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் வந்தது.

"ஏ மனுஷா! கண்ணு என்ன பொறடியிலயா இருக்கு? அங்க எவ உமக்குக் கஞ்சி வச்சுகிட்டு காத்திருக்கா? கஞ்சி ஆறி ஆடை கட்டியாச்சு, நெத்தலி பூனைக்குப் போவப்போவுது, இவருக்கு வெள்ளத்துல நடக்கணும்! நேத்துத் தொவைச்ச சட்டை, வெயிலு இல்லாம காயவச்சு எடுத்திருக்கேன், அதையும் நனைச்சாச்சு! ஊரே தலை தலைன்னு தூக்கிவச்சு ஆடிச்சே, ஒருநாளு அந்தத் தலையில எண்ணெய் வைக்க விட்டீரா? வெள்ளை வெள்ளையா தெரியுதுன்னு எங்கிட்ட ஒருவார்த்தை சொன்னீரா? ஊரானுக்குக் கோலு, எனக்கு அழுக்குத் துணியா? வாரும் இங்க! வந்து திங்கும்! இனி ஒரு அடி அங்கோட்டு வச்சீரோ, நான் அங்கயே வந்து ஏசுவேன்!"

கடலின் சத்தத்துக்கு மேலே அது ஏறிப் போயிற்று. தெருவில் ரெண்டு பெண்கள் பழக்கதோஷத்தில் அடுப்புப் பக்கம் எழுந்து போனார்கள். தண்ணீருக்குள் கிளீட்டஸ் நின்றார். தலையைச் சரித்துக் காதைக் கொடுத்தார். பிறகு திரும்பி, அலை முதுகில் தள்ள, தள்ளாடித் தள்ளாடி, ஆனால் கோடு போட்டமாதிரி நேராக, அந்தச் சத்தத்தைப் பார்த்து நடந்து வந்தார். பிரகாசி மூச்சுவிடவும் நிறுத்தவில்லை. நிறுத்த அவளுக்குப் பயம்.

கரையேறினவரை லில்லிபுஷ்பம் கைபிடித்தாள். கிளீட்டஸ் சொட்டச் சொட்ட நின்று பிரகாசியை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, லில்லிபுஷ்பத்தின் காதுப் பக்கம் குனிந்தார்.

"யாருக்க பெண்டாட்டி இது? என்னமா ஏசுது!"

"உமக்குப் பிடிச்சிருக்கா?"

"எவனோ கொடுத்துவச்சவன்" என்றார் கிளீட்டஸ். சொல்லிவிட்டு, யாரும் வழிகாட்டாமலே கெபி முக்கில் திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தார், பின்னாலேயே பிரகாசி, நனைந்த சட்டையில் தொடங்கி நெத்தலிக்கு வந்து மறுபடி சட்டைக்குப் போய், கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் ஏசிக்கொண்டே போனாள்.